கொம்பு கழன்றால்

பல் மருத்துவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.
கண்ணாடிக் குச்சியை வாய்க்குள் விட்டபடியே கேட்டார்:
"ராத்திரியெல்லாம் எதை மெல்கிறீர்கள், ஹல்ஷ்கா?"

எதை மெல்கிறேன்?
ஓட்ட அட்டவணையில் தாமதமான இரண்டு நிமிடத்தை.
சில்லறை இல்லையென்றதற்கு
என் முகத்துக்கு நேரே கத்தியவன் குரலை.
மிலோஷின் பள்ளியிலிருந்து வந்து
பிரிக்காமல் கிடக்கும் கடிதத்தை.
வீட்டுக் கடன் வட்டியை, தோலோடும் கொட்டையோடும்.

கடைவாய்ப் பற்கள் இரண்டும்
தேவாலயப் படிக்கல்போல் தேய்ந்துவிட்டனவாம்.
நாற்பத்தொரு வயதுக்காரிக்கு
அறுபது வயதுப் பல்.
பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்வதென்பது
பேச்சுக்குச் சொல்வது என்றல்லவா நினைத்திருந்தேன்.

பல்லுறை ஒன்று செய்து தந்தார்.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
நூலகத்தின் கீழ்த்தளம். வியாழன் மாலை ஆறு மணி.
போர்வை கொண்டுவரவும்.

கிடினியாவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே
பதினோரு பேர் மல்லாந்து படுத்திருந்தோம்.
தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ரெமிகியுஷ்
தாழ்ந்த குரலில் சொன்னான்:
"இப்போது இடது கால் கட்டைவிரலைக் கவனியுங்கள்."
இதற்காகவா உருளைக்கிழங்கைப்
பாதி வேக்காட்டில் விட்டு வந்தேன்?

முழங்கால் வருவதற்குள் தூங்கிப்போனேன்.
என் குறட்டையே என்னை எழுப்பியது.
பக்கத்தில் மீன்கடை பொக்னா
சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தூக்கம்கூட வரவில்லை.
மூச்சை எண்ணச் சொன்னான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலில் பிரேக் கட்டை மாற்றவேண்டும் என்ற நினைப்பு.
மறுபடி ஒன்று. இரண்டு.
மூக்கு அரித்தது.
எனக்கு இதற்கெல்லாம் கொடுப்பினை இல்லை
என்று போர்வையைச் சுருட்டினேன்.

எங்கள் ஊர் டிராலி பேருந்துக்குத்
தலையில் இரண்டு கொம்பு.
கொம்பு மின்கம்பியைத் தொட்டிருந்தால் ஓடும்.
கழன்றால், நடுத்தெருவில் நின்றது நின்றபடி.
பதினாறு வருடத்தில் எத்தனை முறை கழன்றிருக்கும்!
மஞ்சள் சட்டையை மாட்டி, இறங்கி,
பின்னால் போய்க் கயிற்றை இழுத்து,
அண்ணாந்து, கண்ணில் மழை விழ விழ
கம்பியில் ஏற்றிவிட்டு வருவேன்.
கொம்பை ஒருநாளும் திட்டியதில்லை.
வளைவென்றால் கழலும். உறைபனியென்றால் கழலும்.
கழன்றது ஏன் என்று
ராத்திரி படுத்து மென்றதுமில்லை.

மூடுபனி கவிந்த ஒரு மாலை, துறைமுகத் திருப்பத்தில்,
கயிறு பாதி கையில் இருக்கும்போது உறைத்தது:
நாலில் கழன்றதும் இதுதானே.
நனைந்துகொண்டு நின்று சிரித்தேன்.
உள்ளேயிருந்து ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்,
எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று.

கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம் ஓய்வு.
முன்பெல்லாம் அந்த ஏழில்
சிகரெட், செல்பேசி, ரொட்டி, மூன்றும் ஒன்றாக.
இப்போது விளக்கை அணைத்துவிட்டு
அக்கடாவென்று உட்கார்கிறேன்.
தொடைமேல் கைகள், பிச்சை கேட்பதுபோல் மலர்ந்து.
உதடு மூடி, பற்கள் மட்டும் விலகி,
நடுவே ஒரு பட்டாணித் தோல் அளவு இடம்.
கதவின் காற்றுக்குழாய் புஸ்ஸென்று இறங்குகிறது.
அதற்கும் பெருமூச்சு உண்டு;
இத்தனை வருடம் கேட்டதில்லை.
கூரைமேல் ஒரு கடற்காகம் நடக்கிறது, தப் தப்பென்று.
நாலில் கழல்கிறது. ஏற்றுகிறேன்.
சிலநாள் ஏழு நிமிடமும் ஏற்றுவதிலேயே போய்விடும்.

வட்டி குறையவில்லை.
பள்ளியிலிருந்து இரண்டாவது கடிதமும் வந்தது;
இதைப் பிரித்தேன்.
நேற்று கதவை உதைத்தவனிடம் நானும் கத்தினேன்.
மூன்று நிறுத்தம் தள்ளித்தான்
தாடை இறுகியிருப்பது தெரிந்தது.
முன்பென்றால் மூன்று நாள் ஆகும்.

வசந்தத்தில் மறுபடி பல் மருத்துவர்.
"புதிதாகத் தேயவில்லை. ஆனால்
போனது வளராது, தெரியுமில்லையா?"
வாய் நிறையக் கருவி. "ஆ" என்றேன்.
அவர் எல்லாவற்றையும் எடுத்து,
கையுறையைக் கழற்றி,
சீட்டு எழுத உட்கார்ந்த பிறகும்
வாயை மூடத் தோன்றவில்லை எனக்கு,
கொஞ்ச நேரம்.